மஞ்சள் பூவின் ஆள்மாறாட்டம்

பழைய தமிழ்ப் படங்களில் இரட்டை வேடம் என்றால் ரசிகனுக்கு ஒரு வசதி உண்டு. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே முகம்தான். ஆனால் கெட்டவன் கன்னத்தில் மட்டும் துவரம்பருப்பு சைஸில் ஒரு மரு ஒட்டியிருப்பார்கள். தரை டிக்கெட்டில் முறுக்கு கடித்துக்கொண்டிருப்பவருக்குக்கூடக் குழப்பம் வராது. செடி கொடி விஷயத்தில் இயற்கையும் அதே மருவை ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறது. பார்க்க நமக்குத்தான் நேரமில்லை.

நான் சொல்ல வந்தது மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பற்றி.

கரிசலாங்கண்ணி என்றதும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டில் ஞாபகம் வந்தால் அது வெள்ளைப் பூ பூக்கிற ஜாதி. அது வேறு. மஞ்சள் பூ பூப்பது தரையோடு தவழ்ந்து படர்வது. பொற்றலைக் கையாந்தகரை என்று கம்பீரமான பெயர் ஒன்றும் உண்டு. இந்தியா, இலங்கையில் ஆரம்பித்து சீனா, ஜப்பான் வரை இதற்குச் சொந்த ஊர்தான். நம் தஞ்சாவூர் ஜில்லாவில் வாய்க்கால் ஓரம், வரப்புச் சரிவு, குளத்தங்கரை என்று ஈரம் நிற்கிற இடம்தான் அதன் விலாசம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வடலூரில் வள்ளலார், தினமும் சேர்த்துக்கொள்ளச் சொன்ன மூலிகைக் கீரைகளில் கரிசலாங்கண்ணிக்கு முதல் மரியாதை கொடுத்தார்.

இப்போது அதே ஜில்லாவில் ஒரு கைப்பிடி வேண்டுமென்றால் அலைய வேண்டியிருக்கிறது. வாய்க்காலுக்கு சிமென்ட் பூசியாகிவிட்டது. புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய்க்கே கான்கிரீட் போட்டார்கள். வரப்பில் களைக்கொல்லி. மிச்சமிருந்த வயலில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று போர்டு வைத்துவிட்டார்கள். (எந்த வேகத்தில் பத்து நிமிடம் என்று எந்த போர்டிலும் போடுவதில்லை.)

"என்ன சார் கதை விடுறீங்க? எங்க நகர் பார்க்குல பாய் விரிச்ச மாதிரி பூத்துக் கிடக்கே!" என்கிறீர்களா? அங்கேதான் மருவோடு இன்னொருவர் நிற்கிறார்.

அவர் வெப்பமண்டல அமெரிக்காக்காரர். மெக்ஸிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை அவருக்குச் சொந்தபந்தம். தண்ணீர் விட்டாலும் வளர்வார், விடாவிட்டாலும் சமாளிப்பார் என்பதால் ரோட்டு நடுத்திட்டு, ஓட்டல் வாசல், கல்யாண மண்டபத் தோட்டம் என்று எல்லா இடத்திலும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2000-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் இவருக்கு இடம் உண்டு. நம்ம ஊர் நர்சரியில் இவர் பெயர் 'வெடேலியா'.

பெயரில்தான் வினையே. தாவரவியல்காரர்கள் ஒரு காலத்தில் இரண்டையும் வெடேலியா என்ற ஒரே குடும்பப் பெயரில்தான் வைத்திருந்தார்கள். 1996-ல் ப்ருஸ்கி என்ற நிபுணர் பெயரை ஸ்பாக்னெட்டிகோலா என்று மாற்றினார். மாற்றியவர் இரண்டையும் ஒரே வீட்டில்தான் குடிவைத்தார். ஆக, ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் சம்பளம் வாங்க வசதியாகிவிட்டது.

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குக் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்து மாத்திரை எழுதி, மூன்று வாரம் ரெஸ்ட் என்றார்கள். அவருடைய அம்மாவுக்கு அது போதவில்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணியை அரைத்து மோரில் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். நண்பரின் தம்பி ஸ்கூட்டரில் போய் ஒரு நர்சரியில் தொட்டி ஒன்று வாங்கி வந்தான். 'மஞ்சள் கரிசாலை' என்று சீட்டே ஒட்டியிருந்தார்கள். அம்மா அம்மியைக் கழுவி வைத்துவிட்டு இலை கிள்ள உட்காரவும், வாசலில் கீரைக்கார அம்மாள் கூடையை இறக்கவும் சரியாக இருந்தது.

"என்னக்கா, ரோட்டுச் செடியை ஆயுறீங்க?"

"ரோட்டுச் செடியா? கரிசாலைம்மா!"

"நல்லா பாருங்க. இலைக்கு ரெண்டு காது இருக்கு பாருங்க. நம்ம செடிக்கு ஏது காது?"

ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் வைத்துச் சொல்வதை அந்த அம்மாள் வெற்றிலையை மென்றபடி சொல்லிவிட்டார். வெடேலியா இலை அகலம், வழவழப்பு, பளபளப்பு. நடுவில் இரண்டு பக்கமும் மடல் பிரிந்து, வாத்துக் கால் மாதிரி மூன்றாக விரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒடுக்கம், நீளம். ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றும் சின்னப் பல், அவ்வளவுதான். மடல் கிடையாது. விரலால் தடவினால் சொரசொரக்கும். பூவும் சின்னது. ஒல்லியான நீளக் காம்பில் ஒற்றையாக நிற்கும். பூவை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இது செடிக்குச் சொன்னது.

தவிர, மஞ்சள் பூ பூக்கிறது, ஆகவே மஞ்சள் காமாலைக்கு மருந்து என்று கணக்குப் போடாதீர்கள். காமாலைக்குக் காரணம் பல. முதலில் டாக்டர், பிறகுதான் கீரை. அதற்காகச் செடியில் சரக்கே இல்லை என்றும் இல்லை. சென்னை பிரசிடென்ஸி காலேஜ் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, நாகராஜன், பாய் என்ற இருவரோடு சேர்ந்து, இந்தச் செடியிலிருந்து பிரித்த வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டி பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கும் உலகத்துப் பரிசோதனைச் சாலைகளில் அதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. வரப்பு ஓரத்துச் செடிக்கு இது நல்ல இன்கிரிமென்ட்தான்.

இனி வளர்க்கும் விஷயம். "நான் இருப்பது மேன்ஷன் மூன்றாம் மாடி" என்று நழுவாதீர்கள். அரை அடி ஆழம் உள்ள அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். அடியில் ஓட்டை போட்டு, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய எரு. விதைக்காகத் தவம் கிடக்க வேண்டாம். தண்டில் நாலு கணு இருக்கிற மாதிரி வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, இரண்டு கணுவை மண்ணுக்குள் படுக்கவையுங்கள். முதல் வாரம் நிழல். அப்புறம் காலை வெயில். மண் காயக் கூடாது. அதற்காக மாப்பிள்ளையைக் கவனிப்பது மாதிரி வேளைக்கு ஒரு குடம் ஊற்றவும் வேண்டாம். படர்கிற தண்டு மண்ணைத் தொடுகிற கணுவில் எல்லாம் தானே வேர் விடும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் வெடித்துப் பாய் விரிக்கும். புரட்டாசி மழைக்கு முன் வைத்தால் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். சித்திரை வெயிலுக்கு மட்டும் மேலே ஒரு பழைய வேட்டி கட்டுங்கள்.

கண்டிப்பாக ஒன்று. இதற்குப் பக்கத்தில் வெடேலியாவை வைக்காதீர்கள். தென் சீனாவில் இரண்டும் அடுத்தடுத்து வளர்ந்த இடங்களில் கலப்புப் பிறந்திருப்பதை மரபணு ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கும் அப்படி ஆனால் காது இருக்கிறதா இல்லையா என்று கீரைக்கார அம்மாளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

முதல் தண்டு எங்கே கிடைக்கும்? கீரைக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். தண்டோடு வேண்டும் என்று சொல்லுங்கள். நண்பருக்கு அந்த அம்மாள், இன்னும் சிமென்ட் பூசாத ஏதோ ஒரு வாய்க்காலிலிருந்து ஈரத்துணியில் சுற்றி நாலு தண்டு கொண்டுவந்து கொடுத்தார். நர்சரித் தொட்டி பையில் கட்டிக் குப்பைக்குப் போயிற்று. வெறும் தரையில் வீசினால் அங்கே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

நாலு தண்டு இப்போது இரண்டு டப். நண்பர் ஆபீஸுக்கு டிபன் பாக்ஸோடு தண்டும் கொண்டுவந்து விநியோகிக்கிறார். டெஸ்பாட்ச் செக்‌ஷன்காரர் தன் பங்கை ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரில் போட்டு ஃபைல் அலமாரி மேல் வைத்திருந்தார். வெயில் படாத இடம், பிழைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நேற்று எட்டிப் பார்த்தால் கணுவில் வெள்ளையாக வேர். அவருக்கு ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டரும் வந்திருக்கிறது. பாட்டிலை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போகப்போகிறாராம்.