சேரி போனால் ஏறும் விலை

வீடு வாங்கப் போகிறவனுக்கு ஊரே புத்தி சொல்லும். கையில காசு கம்மியா? அப்படின்னா 'வளர்ற ஏரியாவா' பார்த்து வாங்கு. இப்ப மட்டமா இருக்கணும், அஞ்சு வருஷத்துல முன்னேறிடணும். மெட்ரோ வருதா பார், ரோடு அகலமாகுதா பார், ஐ.டி. கம்பெனி வருதா பார், 'ஆளுங்க மாறுறாங்களா' பார். இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். என் கேள்வியெல்லாம் அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றித்தான். எந்த ஆள் போய் எந்த ஆள் வந்தால் ஓர் இடம் முன்னேறியதாக ஆகிறது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். சென்னையில் 'முன்னேறும் பகுதி' என்றால், அங்கிருந்து சேரியை எடுத்துவிட்டார்கள், அல்லது சீக்கிரம் எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. நடுவில் ஒரு வாய்க்காலோ வயலோ கிடக்கும். நகரத்தில் அதே இடைவெளியைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். சேரியிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு விலை. இதற்குத் தீண்டாமை என்று பெயர் வைக்க முடியாதாம். 'மார்க்கெட்' என்று சொல்ல வேண்டுமாம்.

நம்பாதவர்கள் இந்த நகரத்தின் இரண்டு குப்பைமேடுகளைப் போய்ப் பார்க்கலாம். வடக்கே கொடுங்கையூர், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடி. இரண்டிலும் கொட்டியது ஒரே நகரத்துக் குப்பைதான். பெருங்குடிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 'பிரீமியம்' ஃபிளாட்டுகள் வந்தன. கொடுங்கையூர் என்று சொல்லிப் பாருங்கள், 'ஐயோ, அந்தப் பக்கமா?' என்பார்கள். நாற்றம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மூக்கு சுளிப்பது குப்பையைப் பார்த்தல்ல, மனிதரைப் பார்த்து. வெள்ளமும் அப்படியே. 2015இலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. அவற்றை யாரும் கீழான ஏரியா என்று தள்ளிவிடவில்லை. வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீர் நின்றால் மட்டும், அது அந்த மக்களின் குணம் மாதிரிப் பேசுகிறார்கள்.

இனி, 'ஆளுங்க எப்படி மாறுறாங்க' என்று பார்ப்போம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது சொன்ன சேதி, குடிசை இருந்த இடத்திலேயே கல் வீடு என்பது. கடற்கரையோரத்திலும் மயிலாப்பூர்ப் பக்கத்திலும் அப்படிச் சில அடுக்கு வீடுகள் எழும்பவும் செய்தன. பிறகு நகரத்தின் நடுவில் நிலத்துக்கு விலை ஏறியது. ஏறியதும் நியாயம் மாறிவிட்டது. 2000இலிருந்து கண்ணகி நகர், ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. 2015 வெள்ளம் வடிந்ததும் அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்றார்கள். ஆபத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடமோ சதுப்பு நிலத்தின் விளிம்பு! அதே ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் தனியார் கட்டடங்களுக்கு அந்த ஆபத்து எப்படி இல்லாமல் போனது? 2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். பெயரிலிருந்து குடிசை போய்விட்டது. நகரத்திலிருந்து குடிசைக்காரனும் போய்க்கொண்டிருக்கிறான்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயோரம் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்தார். மறுநாள் இறந்தார். அந்தப் பெரியவரின் உடம்பு எரிந்த இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சதுர அடி என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள், தோழர்களே. 'முன்னேற்றம்' என்பதன் கணக்கு அங்கே புரியும்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் தலைமுறை நானும் என் மனைவியும்தான். இரண்டு வருஷமாக வீடு தேடுகிறோம். தரகர்களுக்கு ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. முதல் கேள்வி பட்ஜெட். இரண்டாவது, "சாருக்கு எந்தப் பக்கம்?" உத்திரமேரூர்ப் பக்கம் என்றால் விடமாட்டார்கள். "உத்திரமேரூரேவா, பக்கத்துல கிராமமா?" கிராமத்தின் பெயரைச் சொன்னால், "ஊர்லயா, காலனிலயா?" காலனி என்றதும் ஒரு இளிப்பு. "தப்பா எடுத்துக்காதீங்க சார், ஓனர் கேப்பாரு." அடுத்த நாள் அந்த வீட்டுக்கு வேறு பார்ட்டி வந்துவிடும். இன்னொருவர் கறி மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டை விற்பதில்லையாம். அட, விற்கிறவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறான். நான் என்ன குழம்பு வைத்தால் அவனுக்கு என்ன? மூன்று மாடி கீழே குடியிருப்பவனிடம் அவன் கொடுத்த வாக்குறுதி அது. வீட்டை விற்றாலும் சாதியை விற்காமல் போகிறான்.

வடசென்னைப் பக்கம் ஒரு பழைய ஃபிளாட். சன்னலைத் திறந்தால் எதிரில் குடிசைகள், தெருக்குழாய், குடங்கள். கூட்டிவந்தவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்க சார், இவங்கள எல்லாம் பெரும்பாக்கம் அனுப்பிடுவாங்க. அப்புறம் பாருங்க ரேட்ட." என் மனைவி திருப்பிக் கேட்டாள்: "அவங்க போனா ரேட் ஏறும்னா, நாங்க வந்தா எறங்குமா?" அந்த ஆளிடம் பதில் இல்லை. இந்தச் சந்தையில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.

இது புதிய கதையும் அல்ல. வெளிநாட்டில் படித்துத் திரும்பி, பரோடா அரசில் பணியில் சேர்ந்த அம்பேத்கருக்கு 1917இல் அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்துத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். 88 ஆண்டு கழித்து, 2005இல், அதே குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களை ஒரே சமூகத்தவர் என்று வரையறுத்துக் கொள்ளலாம், அது சங்கம் அமைக்கும் உரிமை என்றது. கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாவற்றிலும் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. வீடு விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் அது பெயர் சொல்லித் தொடவில்லை. சாதி அந்தச் சந்து வழியாகத்தான் லிஃப்டில் ஏறி ஆறாவது மாடிக்குப் போய்க் குடியேறியிருக்கிறது.

பணத்துக்கு வருவோம். 'சாதி எங்க சார் இருக்கு, காசு இருந்தா யாரும் வாங்கலாம்' என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 30 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். வங்கி அதிகபட்சம் 90 விழுக்காடு கடன் தரலாம். மிச்சம் 3 லட்சம் நம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 2 லட்சத்து 70 ஆயிரம். அதற்குப் பெரும்பாலும் கடன் கிடையாது. தரகு, வக்கீல், வயரிங், பெயின்ட் எல்லாம் சேராமலே கிட்டத்தட்ட ஆறு லட்சம் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். கடனை அடைப்பது என் சம்பளம், ஒத்துக்கொள்கிறேன். இந்த ஆறு லட்சம் யார் கொடுப்பது? பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் சாதி இந்து நண்பருக்கு அப்பா காணி விற்றுக் கொடுத்தார், மாமனார் நகை போட்டார். என் அப்பா அந்தக் காணியில் கூலிக்கு அறுத்தவர். ஒரே சம்பளம், ஒரே கடன் தகுதி. ஆனால் அவருக்கு ஃபிளாட், எனக்கு வாடகை. இருவருக்கும் நடுவில் நிற்பது நிலம். நிலத்துக்கு இந்த நாட்டில் சாதி உண்டு.

அந்த நிலம் எங்கே போனது? இன்று தாம்பரத்துக்குத் தெற்கே, மாமல்லபுரம் சாலையில், செங்கல்பட்டுப் பக்கத்தில் 'வளரும் பகுதி' என்று கொடி கட்டி மனை விற்கிறார்களே, அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அப்படியான காரணை நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று நம் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நம் பாட்டன் பேரில் இருந்திருக்க வேண்டிய மண்ணை அளந்து, கல் நட்டு, 'சூப்பர் இன்வெஸ்ட்மென்ட்' என்று நமக்கே தவணையில் விற்க வருகிறான். இதைவிடக் கேவலமான வியாபாரம் வேறு உண்டா?

இந்த இடத்தில் சில தோழர்கள் என்னிடம் கேட்பார்கள்: 'அப்ப எதுக்கு வீடு வாங்குற? சொத்துன்றது நடுத்தர வர்க்க மயக்கம் இல்லையா?' இந்தத் துறவு அறிவுரையை நான் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கில் விரட்டப்பட்டவனிடம் 'பட்டா வேண்டாம்' என்று உபதேசிப்பது சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எளிது. கிராமத்தைப் புனிதமாகக் கொண்டாடியவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாகச் சாடிய அம்பேத்கர், 1930களிலேயே பம்பாய் தாதரில், இந்து காலனியில், தனக்கு வீடு கட்டினார். தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய ராஜகிருகம் அது. யாராலும் வெளியே போகச் சொல்ல முடியாத நான்கு சுவர் நமக்கு ஆடம்பரமல்ல. அது அரசியல்.

நம்மில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. வேலை கிடைத்ததும் சேரியை விட்டு ஓடி, கேட்டுக்குள் ஒரு ஃபிளாட்டில் நுழைந்து, அண்ணல் படத்தைப் பீரோவுக்குள் வைத்து, மாட்டுக்கறியை ஓட்டலோடு நிறுத்தி, சொந்தக்காரன் வந்தால் 'மெதுவா பேசுங்க மாமா' என்று பதறி வாழ்கிறவர்கள். அவர்களை நான் திட்டப் போவதில்லை. பரோடாவில் பெயர் மாற்றித் தங்க வைத்த அதே பயம்தான் அவர்களை இப்படி ஆக்கியிருக்கிறது. ஆனால் அசோசியேஷன் கூட்டத்தில், பக்கத்துக் குடிசைகளை அகற்றச் சொல்லி மனு வரும்போது, தங்களை நிரூபித்துக்கொள்ள முதல் கையெழுத்துப் போடுகிறார்களே, அதை மன்னிக்க முடியாது. கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய நகரம் இது. அந்தக் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்த கபடி அணி 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்றது. அவள் விலாசத்தை மறைக்கவில்லை. படித்து உத்தியோகத்தில் இருக்கும் நமக்கு என்ன வந்தது?

ஆகவே நான் சொல்வது இது. வாங்குங்கள். கடன் வாங்கியாவது வாங்குங்கள். மனை என்றால் வில்லங்கச் சான்றோடு நிற்காதீர்கள். ஏ-பதிவேட்டைப் பாருங்கள், பழைய பதிவேடுவரை போங்கள். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பஞ்சமி என்ற குறிப்பு பல இடங்களில் காணாமல் போனது. குறிப்பு கிடைத்தால் அந்த மனையை விட்டு விலகுவதோடு நில்லாமல், ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள், மனு போடுங்கள். பிள்ளைகளுக்கு நல்லது என்று சேரிக்குத் தூரமாக ஓடாதீர்கள். பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று நம் சனம் வாழும் பக்கமாகப் பாருங்கள். பெரம்பூர் வழியாக மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ரயில் வருவதற்குள் நாம் அங்கே பட்டாவோடும் வாக்குரிமையோடும் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவில் பெயரை முழுசாக எழுதுங்கள். சங்கத்தில் சேருங்கள். எதிர்க் குடிசைக்குப் பாதாளச் சாக்கடை இணைப்புக் கேட்டு முதல் மனுவை நீங்கள் எழுதுங்கள்.

இனி 'ஏரியா முன்னேறுதா?' என்று யார் கேட்டாலும் நம் அளவுகோலால் பதில் சொல்வோம். நேற்று அங்கே இருந்தவர்கள் நாளையும் அங்கேயே இருக்கிறார்களா? அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா? அவர்கள் பிள்ளை படிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு ஆசிரியர் வருகிறாரா? வந்தால் அது முன்னேற்றம். அவர்களை லாரியில் ஏற்றிய பிறகு வருவதெல்லாம் ஆக்கிரமிப்பு. அந்த ஆக்கிரமிப்பில் நமக்கும் ஒரு சதுர அடி வேண்டாம்.