மின்சாரச் சிக்கனமும் திறன் வீடும்

சாவகச்சேரிச் சந்தையிலிருந்து மட்டுவிலுக்கோ மீசாலைக்கோ அந்தி சாய்ந்த பின்னர் நடந்து செல்வோர் வளவுகள் தோறும் ஒரே காட்சியைக் காண்பர். பெரியதொரு வீடு, அதனுள் முதியவர் ஒருவரோ இருவரோ, முகப்பிலும் கிணற்றடியிலும் விடியுமளவும் எரியும் மின்குமிழ்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வருங்கால் அவர்கள் கொணரும் பொருள்களுள், கைத்தொலைபேசியால் இயக்கத்தக்க குமிழும் ஆளியும் இப்போது இடம்பெறுகின்றன. இவற்றைப் பொருத்திய இல்லத்தைத் திறன் வீடு என்பர். இதனால் மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை பாதியே மெய் என்பது எமது கருத்து.

சிக்கனம் எம்மவர்க்குப் புதிதன்று. 1990 இல் குடாநாட்டிலே மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, அச்சிறு சுடரிலே பரீட்சைக்குப் படித்த மாணவர் பலர் இம்மலரை வாசிப்போருள் உளர். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அன்று எஞ்சிய எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றோ மின்மானியை எவரும் நோக்குவதில்லை. மாதச் சிட்டை வந்த பின்னரே அங்கலாய்க்கிறோம்.

விரயம் பெரும்பாலும் குமிழில் இல்லை. 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழ் இரவுதோறும் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதம் 3 அலகைச் சற்றே தாண்டும். கிணற்றடி மோட்டாரை நோக்குக. ஒரு குதிரைவலு மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஓர் அலகு கொள்ளும். தாங்கி நிரம்பியதை அறியாது நாள்தோறும் கால்மணி நேரம் ஓடவிட்டால், மாதம் 7 அலகுக்கு மேல் வீணே வழிந்தோடும். (வாழைக்குத்தானே போகிறது என்பாரும் உளர், வாழை அத்துணை நீர் கேட்கவில்லை.) இதனைத் தடுக்க மிதவை ஆளி ஒன்று போதும், அதற்கு இணையமும் வேண்டா, கைத்தொலைபேசியும் வேண்டா. 70 உவாற்று மின்விசிறியை நீக்கி 30 உவாற்றுப் புதுவகையை மாட்டினால், நாளுக்குப் பத்து மணி நேரப் பாவனையில் மாதம் 12 அலகு மிஞ்சும்.

மறுபுறம், திறன் கருவிகளுக்குத் தொடர்பளிக்கும் இணையப் பெட்டி 10 உவாற்று வீதம் அல்லும் பகலும் இயங்கி மாதம் 7 அலகு கொள்கிறது. வீட்டுக் கட்டணமோ படிப்படியாய் ஏறுவது. 60 அலகுக்குட் சுருங்கி வாழும் முதியவரை அப்பெட்டியே மேற்படிக்கு ஏற்றிவிடக்கூடும்.

எமக்கு அறிமுகமான அம்மையார் ஒருவரின் முற்றத்து விளக்கை, மகன் கனடாவிலிருந்தே அணைத்துவிட்டார். இருளிற் கிணற்றடிக்குச் சென்ற அம்மையார் தடுக்கி வீழ்ந்தார். நற்காலமாய் எலும்பு முறியவில்லை. "தம்பி, லைற்றை நானே நூர்ப்பன், நீ அங்கை உன்ரை வேலையைப் பார்" என்றாராம். கருவி வீட்டிலிருப்பவரின் கைக்கு அடங்குதல் வேண்டும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்கு அம்முற்றத்துக்குத் தக்கதாயிருந்திருக்கும்.

திறன் கருவியின் மெய்யான பயன் பொழுதை ஆளுவதிலுண்டு. 2025 ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமேற் சூரியக்கலம் உடையோர் பகலிற் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. வெயில் மிகுந்தது, கொள்வார் குறைந்தனர். மாலை 6.30 முதல் 10.30 வரையோ தேவை உச்சிக்கு ஏறும். நீர்வலுவும் நிலக்கரியும் போதாவிடத்து எண்ணெயை எரித்தே அதனை நிரப்புவர். நாமோ அப்பொழுதிலேயே மோட்டாரையும் இயக்கி, உடுப்புக்கும் அழுத்தம் போடுகிறோம். நேரங்குறித்து இயங்கும் ஆளியொன்று மோட்டாரை நண்பகலுக்கு மாற்றிவிடும். படிமுறைக் கட்டணம் செலுத்துவோருக்கு இதனால் ஒரு சதமும் மிச்சமில்லை என்பதை ஒளியாது கூறுகிறோம். ஆயினும் எரியும் எண்ணெய் குறையும். எண்ணெய் கலந்த சுன்னாகத்துக் கிணறுகளை நாம் மறந்தோமல்லோம்.

கடல் கடந்த பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வருங்கால் வண்ணம் மாறும் குமிழை விடுத்து, மிதவை ஆளியும் நேர ஆளியும் கொணர்க. விஞ்ஞான வகுப்பு மாணவர் காலை 6 மணிக்குத் தத்தம் வீட்டு மின்மானியை வாசித்து ஒரு மாதம் குறித்து வருவாராயின், எவ்வீட்டில் எப்பொருள் எத்துணை உண்கிறது என்பதை அடுத்த மலரிலே அவர்களே எழுதலாம்.