மெதூசா தலையும் திருஷ்டிப் பூசணியும்

"முகத்தை ரெண்டு ஷேடு இறக்கு. அப்பத்தான் அரக்கி மாதிரி இருக்கும்."

ஒரு ஒப்பனைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாடம் இது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இந்தப் பள்ளியில் இல்லாவிட்டால் அடுத்த பள்ளியில் இதையேதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என் அண்ணன் மகள் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய் அங்கே படிச்சாள். ஆறு மாதமும் மணப்பெண் அலங்காரம்தான். கடைசியில் ஒரு தேர்வு: கிரேக்கப் புராணத்து அரக்க உருவங்களில் ஒன்றை முகத்தில் கொண்டுவர வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இவளுக்கு விழுந்தது மெதூசா. தலைமயிர் முழுக்கப் பாம்பு; பார்த்தவன் கல்லாகிவிடுவான். டீச்சர் ஷேடு இறக்கச் சொன்னதும், பின்னாடியிருந்து ஒரு குரல்: "அவ மூஞ்சிலயே போட்டுக்கச் சொல்லுங்க மிஸ், ரெண்டு ஷேடு மிச்சம்." வகுப்பே சிரிச்சிருக்கிறது. டீச்சரும்தான்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "சித்தப்பா, மெதூசா கறுப்பா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. கேட்டவளுக்குத் தெரியாது, எவ்வளவு தூரம் போய்த் தோண்ட வேண்டிய கேள்வி அதுவென்று.

மெதூசா கறுப்பு என்று பழைய கிரேக்கக் கவிஞன் யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. ஹெசியட் மூன்று கோர்கன் சகோதரிகளைச் சொல்கிறான். அவர்களில் மெதூசாவுக்கு மட்டும்தான் சாவு உண்டு. அவர்கள் இருக்குமிடத்தைச் சொல்கிறான்: கடலுக்கு அப்பால், உலகத்தின் ஓரத்தில். பின்னால் வந்தவர்கள் அதை லிபியா என்று ஆக்கினார்கள். கவனியுங்கள், அரக்கர்கள் எப்போதும் ஊருக்கு வெளியில்தான் குடியிருக்கிறார்கள். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். திசைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ரோமாபுரிக் கவிஞன் ஓவிட் சொல்கிற கதை இன்னும் அசிங்கமானது. மெதூசா அழகி. அவள் கூந்தலுக்கே தனிப் பேர். கடல்தெய்வம் அவளை அதீனாவின் கோயிலுக்குள் வைத்துக் கெடுத்தான். கோயில் தீட்டாகிவிட்டது! தண்டனை யாருக்கு? கெடுத்தவனுக்கு இல்லை. கெடுக்கப்பட்டவளின் கூந்தலைப் பாம்பாக்கினாள் அதீனா. அப்புறம் பெர்சியஸ் என்கிற ராஜகுமாரன் போய், தூங்கிக்கொண்டிருந்தவளின் தலையை அறுத்தான். அவனுக்கு வீரன் என்று பேர். இந்தக் கதையைக் கேட்டு நம்ம பொம்பளைங்களுக்கு ஆச்சரியம் வராது. கோயிலையும் தீட்டையும் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அதே பெர்சியஸ் திரும்பி வரும் வழியில் ஆந்த்ரோமெதா என்கிற பெண்ணைக் கடல்மிருகத்திடமிருந்து மீட்டுக் கட்டிக்கொள்கிறான். அவள் எத்தியோப்பிய ராஜாவின் மகள். கறுத்தவள் என்று ஓவிட்டே ஓரிடத்தில் எழுதியிருக்கிறான். ஆனால் ஐரோப்பிய ஓவியர்கள், திதியான் தொடங்கி, அவளைப் பால்வெள்ளையாகத்தான் தீட்டிவைத்தார்கள். கதாநாயகியாகிவிட்டால் எத்தியோப்பியாக்காரியும் வெளுத்துவிடுகிறாள். அரக்கியாகிவிட்டால் நிறமே சொல்லப்படாதவளும் நம்ம மேக்கப் வகுப்பில் ரெண்டு ஷேடு கறுத்துவிடுகிறாள். இந்த ஷேடு டப்பாவை முதலில் திறந்தவன் யார் என்பதுதான் விஷயம். கரவாஜியோ 1597 வாக்கில் ஒரு கேடயத்தின்மேல் தீட்டிய மெதூசாத் தலை இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் இருக்கிறது. அந்த முகம்கூட வெளுப்புத்தான். அதில் பயங்கரம் நிறத்தில் இல்லை, அறுபட்ட பிறகும் அலறுகிற வாயில் இருக்கிறது.

அண்ணன் மகளிடம் பழைய பானை ஒன்றின் படத்தைக் காட்டினேன். எலூசிஸ் என்கிற ஊரில் தோண்டி எடுத்த பெரிய தாழி, கி.மு. 650 வாக்கில் செய்தது. பத்து வயசுப் பிள்ளையின் எலும்பு அதற்குள் இருந்தது. நம்ம பக்கத்து முதுமக்கள் தாழி மாதிரிதான். அதன்மேல் கோர்கன்கள் பெர்சியஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தத் தலைகளைப் பார்க்க வேண்டும்! முகமே இல்லை, கொப்பரை! அந்தக் காலத்து வெண்கல அண்டாவைத் தூக்கிக் கழுத்துமேல் வைத்து, பல்லும் கண்ணும் எழுதி, விளிம்பில் பாம்புகளை நிறுத்திவிட்டான் அந்தக் கைவேலைக்காரன். இதுவரை யாரும் பார்க்காத முகத்தை எழுதச் சொன்னால் அவன் பக்கத்துத் தெருக் கறுப்பனைத் தேடிப் போகவில்லை. புழங்குகிற பாத்திரத்தைப் பார்த்தான்.

நம்ம கூத்துக்காரனும் அப்படித்தான். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கிக் கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம். உடைஞ்ச கண்ணாடிச் சில்லு, ஜிகினாத் தாள். அரிதாரம், செந்தூரம், முத்துவெள்ளை, தேங்காயெண்ணெய், விளக்குக் கரி. எங்கப்பா எங்க ஜமாவில் துரியோதனன் வேஷம் கட்டினவர். சாயங்காலம் உட்கார்ந்தால் முகம் எழுதி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். அடிவண்ணம் சிவப்பு. அதன்மேல் வெள்ளைப் புள்ளி, புருவத்துக்கு மேலே வளைஞ்சு ஏறுகிற கோடு. கறுப்பு, மீசைக்கும் கண்ணுக்கும் மட்டும். திரைக்குப் பின்னாலிருந்து அவர் பாடிக்கொண்டு வரும்போது பயமாகத்தான் இருக்கும், ஆனால் ராஜா வருகிறான் என்கிற பயம். பாரதம் எழுதினவன் அவனை வில்லனாக்கினான். கூத்தாடி அவனுக்குப் பெரிய கிரீடம் வைத்தான். பதினெட்டாம் போர் அன்றைக்கு மண்ணால் படுக்கவைத்த துரியோதனனைக் கொன்று முடித்ததும் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அந்த மண்ணை அள்ளி மடியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

கொன்றவனின் மண் காவலுக்கு. இங்கேதான் கிரேக்கனும் நம்ம ஊர்க்காரனும் ஒன்றாகிறார்கள். மெதூசாவின் தலையை அறுத்து அதீனா தன் மார்புக் கவசத்தில் பதித்துக்கொண்டாள். அப்புறம் அந்த முகம் இல்லாத இடமில்லை. கோர்ஃபு தீவில் கி.மு. 580 வாக்கில் கட்டிய கோயில் முகப்பில் கோரைப்பல்லும் விரிஞ்ச கண்ணுமாக அவள்தான் நிற்கிறாள். கேடயத்தில் அவள். சாராயக் கிண்ணத்தின் அடியிலும் அவள். குடித்து முடித்தவனை முறைப்பாள். கெட்ட கண் படாமலிருக்க! புதுசாகக் கட்டுகிற மாடி வீட்டில் நாம் பார்க்கிறோமே, முறுக்கு மீசையும் கோரைப்பல்லும் எழுதிய திருஷ்டிப் பூசணி, அது வேறென்ன? வீட்டுக்குள் வர அனுமதியில்லாத முகம் வீட்டைக் காக்க வேண்டும். ஊரைக் காவல் காக்கவும், சாவு சொல்லிப் போகவும், செத்த மாட்டைத் தூக்கவும் நம்மை வைத்துக்கொண்டு, தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்காதே என்று சொன்னவர்களின் கணக்கும் இதே கணக்குத்தான்.

மாசி அமாவாசை மயானக் கொள்ளையில் நம்ம பையன் காளி வேஷம் கட்டினால் ஊர்க்காரன் காலில் விழுகிறான். விடிஞ்சு, சாயத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு டீக்கடைக்குப் போனால் அதே காலைத் தள்ளி வை என்கிறான்.

இதையெல்லாம் மலையடிவாரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரக்கன் என்கிற ஒப்பனை சனங்கள்மேல் எப்படிப் பூசப்படுகிறது என்பதை இந்த மலை பார்த்திருக்கிறது. ஹோமர் பாட்டில் வருகிற ஒற்றைக்கண்ணன் பாலிஃபீமஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் இனத்தாருக்குச் சபை கிடையாது, சட்டம் கிடையாது, உழுவது கிடையாது, மலைக் குகையில் இருக்கிறார்கள் என்று ஒதிசியஸ் சொல்கிறான். சமவெளிக்காரன் மலைக்காரனைப் பற்றிப் பேசுகிற பேச்சு. ஆனால் அதே பாட்டில் அவன் குகைக்குள் போய்ப் பார்த்தால், குட்டிகள் வயசுவாரியாகத் தனித்தனிப் பட்டியில் அடைபட்டிருக்கின்றன. பாலாடைக் கட்டி தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கிறது. எவ்வளவு ஒழுங்கான ஆட்டுக்காரன்! கேட்காமல் உள்ளே நுழைஞ்சு அவன் சோத்தை எடுத்துத் தின்றது ஒதிசியஸ் கூட்டம். அவன் மனுசனைத் தின்றது உண்மைதான், பாட்டில் இருக்கிறது. ஆனால் பாட்டைப் பாடினது யார் கட்சி?

ஆடு மேய்ச்சு, சாமை விதைச்சு, தேன் எடுத்துப் பிழைக்கிறவர்கள் ஜவ்வாது மலை மலையாளி ஆதிவாசிகள். அவர்களுக்குப் பூசப்பட்ட சாயத்தின் பெயர் 'கடத்தல்காரன்'. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. இந்த மலைப்பக்கத்துச் சனங்களும் அதில் செத்தார்கள். மரத்தை வாங்கி விற்றுக் கோடி சேர்த்தவன் முகம் எந்தப் பேப்பரிலும் அரக்கனாக வரவில்லை. வெட்டுக் கூலிக்குப் போனவனுக்கு மட்டும் அரிதாரம், இலவசமாக.

இதே மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு அருவி இருக்கிறது. வீமன் பேர்தான் அதற்கு. காட்டுக்குள் வந்து இடும்பனைக் கொன்று அவன் தங்கச்சியைக் கட்டினவன் பேர் அருவிக்கு. இடும்பி பேர் எதற்கு? காட்டுக்குச் சொந்தக்காரி அவள்தானே.

ஃபூலே 1873லேயே 'குலாம்கிரி' எழுதி, அவதாரக் கதைகளெல்லாம் படையெடுத்து வந்தவன் எழுதிய போர்க் கணக்கு என்று போட்டு உடைத்தார். இங்கே பாரதிதாசன் 1934ல் இரணியனை இணையற்ற வீரனாக மேடையேற்றினார். இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் நம்ம ஆட்கள் வசனத்தை மாற்றின அளவுக்கு முகத்தை மாற்றவில்லை என்பது என் அபிப்பிராயம். இரணியன் பகுத்தறிவு பேசுவான், முகத்தில் அதே பழைய மீசை, அதே கோரைப்பல். 2018ல் வந்த 'காலா' படத்தின் கடைசிக் காட்சியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாக வெடிக்கும்போதுதான், நிறமே பேசிப் பார்த்தேன். வாதத்தால் முடியாததை ஒரு பிடி சாயம் செய்கிறது. மேக்கப்தானே என்று ஒதுக்குகிற தோழர்களுக்காகச் சொல்கிறேன்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை நடக்கிறது. லூசியானோ கர்பாத்தி என்கிற சிற்பி 2008ல் ஒரு சிலை செய்தார். அதில் மெதூசா கையில் கத்தி, இன்னொரு கையில் பெர்சியஸின் தலை. 2020ல் அதை நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்கள். கெடுத்தவன் கடல்தெய்வமாயிற்றே, அவன் தலை எங்கே என்று பெண்கள் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். எனக்கு இன்னொன்றும் உறுத்தியது: அந்தச் சிலையில் அவள் மறுபடி வழவழவென்று அழகுராணியாகிவிட்டாள். அழகியாக்கினால்தான் அவள் பக்கம் நியாயம் என்று ஒத்துக்கொள்வீர்களா? பாலிஷ் போடாத முகத்துக்கு நியாயம் கிடையாதா?

ஒரு ராத்திரி அண்ணன் மகளை வாசலுக்குக் கூப்பிட்டு வானத்தைக் காட்டினேன். நம்ம மலைமேல் காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. அதன் பெரிய தொலைநோக்கி 1986லிருந்து இயங்குகிறது. டவுன் வெளிச்சம் எட்டாத மலை என்றுதான் இங்கே கட்டினார்கள். வடக்கே பெர்சியஸ் என்று பேர் வைத்த நட்சத்திரக் கூட்டம். அவன் கையில் தொங்குகிற மெதூசாத் தலையில் ஒரு நட்சத்திரம், அல்கோல். அரபிக்காரர்கள் வைத்த பேர், பேய்த்தலை. மூணு நாளைக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அது மங்கி, சில மணி நேரத்தில் மறுபடி பிரகாசிக்கும். ஒரு நட்சத்திரத்தை இன்னொன்று சுற்றி வந்து மறைக்கிறது, அவ்வளவுதான். வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். "கண்ணடிக்கிறா சித்தப்பா" என்றாள்.

தேர்வுக்கு அவள் ஷேடு இறக்கவில்லை. தன் முகத்திலேயே, தன் நிறத்தின்மேலேயே எழுதினாள். தாத்தாவின் சிவப்பு, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வரிசை. பாம்புக்கு ரப்பர் வாங்கவில்லை. வைக்கோல் பிரி திரிச்சு, நுனியில் கண்ணாடிச் சில்லு வைத்துக் கட்டினாள். தலையை ஆட்டினால் வகுப்பு விளக்கெல்லாம் சில்லில் பட்டு எதிரே உட்கார்ந்திருப்பவன் கண்ணைக் கூசவைக்கும். பார்க்கிறவன் முகமும் துண்டு துண்டாக அதில் தெரியும். பெர்சியஸ் கேடயத்தில் அவளைப் பார்த்தான் இல்லையா, இவள் திருப்பிக் காட்டிவிட்டாள். கிரேக்க மாதிரி இல்லை, கிராமத்து மாதிரி இருக்கு என்று டீச்சர் மார்க்கைக் குறைத்தார். பாஸ்தான், ஆனால் கடைசியில்.

எங்க ஜமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் யோக்கியன் என்று நினைச்சுக்குவீங்க. இடும்பி வேஷம் இன்னமும் ஆம்பளைதான் கட்டுகிறான், முகம் முழுக்க அடுப்புக்கரி. ஆதிவாசிப் பெண் என்றால் கரி! இது எங்க சனங்களே எங்க சனங்களுக்குப் போடுகிற ஷேடு. வருகிற பங்குனியில் இடும்பிக்கு நான்தான் முகம் எழுதுவேன், கரி கிடையாது, சிவப்பு என்று அண்ணன் மகள் வந்து நிற்கிறாள். பொம்பளை கை பட்டு வேஷம் எழுதினதில்லை என்கிறார் வாத்தியார். அவருக்கு எழுபது வயசு, என் அப்பாவுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர். ரெண்டு தடவை போய்ப் பேசியாச்சு. மூணாவது தடவை அவளையே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், அந்த வைக்கோல் பிரியையும் எடுத்துக்கொண்டு.