முப்பது நாளில் வராத ஆங்கிலம்

கோவை காந்திபுரத்திலும், திருப்பூர், ஈரோடு பேருந்து நிலையங்களைச் சுற்றியும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று வாக்குத் தரும் பலகைகளுக்குக் குறைவில்லை. கோடை விடுமுறையில் அங்கே பிள்ளைகளைச் சேர்த்துவிடும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்ததைக் கண்ட குடும்பங்கள் அவை. ஆனால் அந்த வாக்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும். ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ பிறர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். காதால் கேட்டுப் புரிந்துகொள்ள ஆறாயிரம் முதல் ஏழாயிரம் போதும். அந்த ஆறாயிரத்தையே முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 200 சொல் வருகிறது. எந்த மூளைக்கும் ஆகாத காரியம். எட்டாயிரத்தைப் பன்னிரண்டு பள்ளி ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 200 நாள் என்று பிரித்தால் நாளுக்கு மூன்று அல்லது நான்கு சொல்தான். எந்தப் பிள்ளைக்கும் இது முடியும். அப்படியிருந்தும் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளையிடம் அவ்வளவு சொற்கள் இல்லை. கற்ற சொல் தங்குவதற்கு நம் பள்ளிகளில் ஏற்பாடு இல்லை என்பதே இதற்கு முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு சொல் எப்படித் தங்குகிறது என்பதில் இன்று பெரிய மர்மம் ஏதும் இல்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பார்த்துக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்து 38 முறை சொன்னபோதே கிடைத்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் தம் குடும்பத்தாரோடு நால்வராகச் சேர்ந்து 300 அயல்மொழிச் சொற்களைப் பல ஆண்டு படித்துச் சோதித்து, 1993-இல் முடிவை வெளியிட்டார். 14 நாளுக்கு ஒருமுறை என 26 தடவை படித்தவை எவ்வளவு தங்கினவோ, ஏறத்தாழ அவ்வளவே 56 நாளுக்கு ஒருமுறை என 13 தடவை படித்தவையும் தங்கின. உழைப்பு பாதியானது, காலம் மட்டும் இரு மடங்கானது. அதே பாரிக் 1984-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் படித்த 733 பேரைச் சோதித்தார். அவர்களில் படித்து ஐம்பது ஆண்டு ஆனவர்களும் இருந்தார்கள். முதல் சில ஆண்டுகளில் மறதி வேகமாக இருந்தது. அதைத் தாண்டி நின்ற சொற்கள் கால் நூற்றாண்டுக்கு மேலும் பெரிதாகக் குறையவில்லை. அப்படி நிலைத்தவற்றின் அளவு, ஒருவர் எத்தனை காலம், எவ்வளவு தேர்ச்சியோடு படித்தார் என்பதைப் பொறுத்தே இருந்தது.

இதை நம் பக்கத்துப் பள்ளிகளோடு வைத்துப் பாருங்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பிளஸ் டூ முடிவுகளால் மாநிலம் முழுவதும் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துகின்றன என்ற குற்றச்சாட்டு ஓயாததால்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிட்டது. திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கும் என்ற உண்மையை அந்த உறைவிடப் பள்ளிகள் நன்றாகவே அறிந்திருந்தன, அதில் குற்றம் காண முடியாது. அவை திரும்பப் படிக்கவைத்தது ஒரே ஒரு நூலை, ஒரே ஒரு தேர்வுக்காக என்பதுதான் துயரம். அரசுப் பள்ளியும் வேறு வழியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள், கோடிட்ட சொற்களுக்கு ஒத்த பொருளும் எதிர்ப்பொருளும் கேட்டுத் தொடங்குகிறது. கேட்பது அந்த ஆண்டுப் பாடத்தின் சொற்களைத்தான். ஏழாம் வகுப்பில் படித்த சொல்லைப் பத்தாம் வகுப்பில் யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் அதை வைத்துக்கொள்வதும் இல்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய ஆங்கில வழிப் பிரிவுகளும் இந்த வழக்கத்தை மாற்றவில்லை.

தேர்வு நெருங்கும்போது பழைய சொற்களைத் திரும்பப் படிக்கவைக்க நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு முழுக்க உட்கார்ந்து உருப்போடுவது பலன் தரும். அதை எந்த ஆய்வும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலன் தேர்வறையோடு போய்விடுகிறது. ஜூன் மாதத்திலிருந்தே பழைய சொற்களை வாரம் பத்து நிமிடம் தொட்டுப் போனால் மார்ச் மாதத்து இரவுகள் மிச்சமாகும். இங்கே கூடுதல் நேரம் தேவைப்படவில்லை, இருக்கும் நேரத்தைப் பிரித்து வைப்பதுதான் வேலை.

இன்னோர் எதிர்வாதம் கனமானது. பத்தாண்டு பொறுத்திருப்பது வசதியுள்ளவர்களுக்குத்தான். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் தாயின் பிள்ளைக்கு உடனே வேலை வேண்டும் என்பார்கள். அந்தத் தாயின் அவசரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீண்ட காலக் கல்வி அந்தப் பிள்ளைக்கே அதிகம் தேவை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கற்ற சொல் வீட்டிலும் படத்திலும் கதைப் புத்தகத்திலும் மறுபடி எதிர்ப்படும். மற்றப் பிள்ளைக்குப் பள்ளி அதைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் உண்டு. திரும்ப எதிர்ப்படுவதன் வலிமையை நம் தொழிற்கூடங்களே காட்டுகின்றன. கோவை லேத் பட்டறையில் எட்டாம் வகுப்போடு நின்றவர் சக், டெயில்ஸ்டாக், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று பிசகாமல் பேசுவார். திருப்பூரில் ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள், ஷிப்மென்ட் ஆகியவற்றை எந்த வகுப்பும் கற்றுத்தரவில்லை. தினமும் கைக்கும் காதுக்கும் வந்ததால் ஆயுளுக்கும் நின்றுவிட்டன. அவை தனிச்சொற்கள், வாக்கியமாகாதவை என்பது உண்மையே. வாக்கியத்துக்கு வாசிப்பு வேண்டும். பிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் வகுப்புக்கு ஏறத்தாழ 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வைத்துப் படிக்கச் செய்தார்கள். முதல் எட்டு மாதத்தில் பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிவதிலும் வழக்கத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இருபதாம் மாதத்தில் முன்னேற்றம் இன்னும் கூடியிருந்தது. 1983-இல் வெளியான ஆய்வு இது. அந்தப் பிள்ளைகளும் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை.

கைப்பேசிச் செயலிகள் பழைய சொல்லை நாள் பார்த்து மீண்டும் கேட்கின்றன, நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் சொல்லையும் அதன் பொருளையும் இணைப்பதோடு நின்றுவிடுகின்றன, கைப்பேசி அப்பாவிடம் இருக்கும் வீடுகளும் பல. புத்தகத்தைப் பள்ளிதான் தர வேண்டும். கோவை அனுப்பர்பாளையத்தில் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பெரியார் நூலகத்தில், சொல்லளவு பார்த்துப் படிப்படியாக எழுதப்பட்ட எளிய ஆங்கிலக் கதை நூல்களுக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்க வேண்டும். அவை சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்குச் சுழற்சியில் போய் வர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வினாத்தாள் மாற வேண்டும், ஏனென்றால் நம் பள்ளிகள் வினாத்தாளைப் பார்த்தே நடக்கின்றன. பத்தாம் வகுப்பில் கேட்கும் சொற்களில் பாதியாவது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களிலிருந்து, பிள்ளை முன்பு பார்த்திராத வாக்கியத்தில் வரட்டும். பாடச்சுமை கூடிவிடும் என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்தச் சொற்கள் ஏற்கெனவே பாடமாக நடத்தப்பட்டவை, அவற்றுக்கான நூல்கள் இலவசமாகவே கொடுக்கப்பட்டவை. எந்தெந்தச் சொற்கள் எந்த வகுப்பில் திரும்ப வரும் என்ற பட்டியலைப் பாடநூல் குழு ஒரே ஆண்டில் தயாரித்துவிடலாம். வரும் ஜூனில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுத நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கிறது.