இரத்தத்தில் விஷம்: அளந்து பார்!

"கண்ணுக்குத் தெரியாததை நம்பாதே என்று சொல்லும் நீங்கள், மனிதன் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத விஷ ஆவி கலந்திருக்கிறது என்றால் மாத்திரம் எப்படி நம்புகிறீர்கள்?" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கண்ணால் பார்த்ததை மாத்திரம் நம்பு என்று நாம் சொல்லவில்லை. யார் சோதித்தாலும் அதே விடை வரும்படி ருஜுப்படுத்து என்றுதான் சொல்லுகிறோம்.

பெட்ரோலிலும் சிகரெட் புகையிலும் பென்சீன் என்னும் பொருள் இருக்கிறது. அது மூச்சின் வழியே இரத்தத்தில் சேருகிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. இன்ன அளவு வரை ஆபத்தில்லை என்று எல்லை கட்ட முடியாதென்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

இதை அளப்பது எப்படி? இரத்தத்தை இறுக மூடிய குப்பியில் வைத்தால், ஆவியாகும் பொருள் மேலேயுள்ள காலி இடத்தில் வந்து நிற்கும். அந்த ஆவியை ஒரு கருவி தனித்தனிப் பொருளாகப் பிரிக்கிறது. மற்றொரு கருவி, துணுக்குகளின் எடையைக் கொண்டு இன்னது என்று அடையாளம் காண்கிறது. நூறு கோடியில் ஒரு பங்குக்குக் குறைந்ததும் அகப்படுகிறது. ஆனால் நாம் மெச்சுவது கருவியை அல்ல. அளந்தவர்கள் முதலில் தங்களையே சந்தேகித்தார்கள். குழாயை மூடும் ரப்பர் அடைப்பானிலிருந்தும் அதே பொருள்கள் இரத்தத்தில் கலக்கும் என்று கண்டு, அதைச் சுத்தி செய்த பிறகே அளந்தார்கள். இதற்குப் பெயர்தான் யோக்கியமான ஆராய்ச்சி!

அமெரிக்காவில், அட்லாண்டா நகரிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார், ரசாயனத் தொழில் செய்யாத 600 பேருக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் 32 பொருள்களைத் தேடி, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஜனங்களிடமும் பென்சீன் காணப்பட்டது. சிகரெட் குடிப்போரிடம் அது அதிகம். பாச்சை உருண்டையிலும் கக்கூஸ் நாற்றம் போக வைக்கும் கட்டியிலும் உள்ள பாரா டைகுளோரோபென்சீன், சோதிக்கப்பட்ட 1000 பேரில் 100-க்கு 96 பேர் இரத்தத்தில் இருந்ததாக 1995-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று.

எண் கிடைத்ததாலேயே நோய் வந்துவிட்டதென்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எண் குறைந்ததாலேயே விஷம் இல்லையென்று ஏமாறவும் கூடாது. இப்பொருள்களில் பெரும் பாகம் சில மணி நேரத்திலேயே இரத்தத்தை விட்டுப் போய்விடும். லீவு முடிந்து வந்த தொழிலாளியின் இரத்தத்தைக் காலையில் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று சீட்டுக் கொடுத்தால் அது சோதனையா, மோசடியா?

ஆகவே, பெட்ரோலும் பெயிண்டும் பசையும் புழங்கும் இடங்களில் வேலை செய்யும் தோழர்களே! இரத்தம் எடுத்தால், எந்த நேரத்தில் எடுத்தீர்கள், என்ன அளவு வந்தது என்று கேளுங்கள். சீட்டை உங்கள் கையில் வாங்குங்கள். உங்கள் இரத்தத்தின் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிந்து என்ன பயன் என்று கேட்கிறோம்.