மலையில்லா ஊரில் மலையேறும் பைக்

கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர் கொல்கத்தா. மேம்பாலங்களை விட்டால் ஏறுவதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் ஆசைக்கு மேடு பள்ளம் தெரியாது. சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினால் சுமார் 300 கிலோமீட்டரில் புருலியா மாவட்டத்தின் அயோத்தியா மலை. ஓர் இரவுப் பயணத்துக்குத் துணிந்தால் சிலிகுரி, அங்கிருந்து டார்ஜீலிங் சரிவுகள். பாறையிலும் மரவேரிலும் பைக் ஏற்றும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கும் கொல்கத்தாக்காரர் கடைசியில் வந்து நிற்பது ஒரே முடிவில்தான்: வாங்கினால் புது 300 சிசி டூ-ஸ்ட்ரோக்.

முடிவில் தவறில்லை. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, எடையும் குறைவு. கேடிஎம் 300 இஎக்ஸ்சி பெட்ரோல் இல்லாமல் சுமார் 105 கிலோதான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பெட்ரோலோடு 159 கிலோ. இந்த வித்தியாசம் ஷோரூமில் தெரியாது. இடுப்பளவு பாறையில் முன்சக்கரம் சிக்கி, ஒற்றை ஆளாக வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்போது தெரியும். ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் மலைப் போட்டியில் 2022, 2023, 2024 என்று மூன்றாண்டு தொடர்ந்து வென்ற மானுவல் லெட்டன்பிக்லர் ஓட்டியதும் 300 சிசி டூ-ஸ்ட்ரோக்தான்.

ஏன் 300? 125 சிசி வண்டி முறுக்கிப் பிடித்தால்தான் இழுக்கும். நடை வேகத்தில் கல்லேறும்போது அணைந்துவிடும். 300 சிசி, குறைந்த சுழற்சியிலேயே டிராக்டர் மாதிரி இழுக்கும். ஒரு குறையும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஃபோர்-ஸ்ட்ரோக் தானாக வேகத்தைப் பிடித்து இறுக்கும். டூ-ஸ்ட்ரோக் அவ்வளவாக இறுக்காது. இறக்கம் முழுவதும் பிரேக்கை நம்பித்தான்.

சிக்கல் என்ஜினில் இல்லை, நம்பர் பிளேட்டில் இருக்கிறது. இந்தியாவில் சாலைக்குப் பதிவு செய்யக்கூடிய புதிய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்றுகூட விற்பனையில் இல்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 1996இல் நின்றது. 2000இல் இறுகத் தொடங்கிய புகை விதிகள் மிச்சமிருந்தவற்றையும் ஒவ்வொன்றாக வழியனுப்பின. கொல்கத்தாவுக்கு டூ-ஸ்ட்ரோக்கோடு தனிப் பகையே உண்டு. 2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால், மறு ஆண்டே நகரத்தின் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் எரிவாயுவில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆட்டோக்களுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 ஆண்டு கடந்த வாகனங்களை ஆறு மாதத்தில் அகற்றச் சொன்னது. மல்லிக் பஜாரில் பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து ஒரு ஆர்எக்ஸை மலைக்குத் தயார் செய்யலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அது நல்ல சேதி இல்லை.

ஆக, இறக்குமதிதான் வழி. 2024 நவம்பரில் கேடிஎம் தன் ஆஃப்-ரோடு வண்டிகளை இந்தியாவில் அறிமுகப்படுத்தியபோது ஒரு வேடிக்கை நடந்தது. பெரியவர்களுக்கு வந்தவை எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக் என்று வந்தவை 50, 65, 85 சிசி, அதாவது சிறுவர்களுக்கு. பெரியவருக்கான 350 இஎக்ஸ்சி-எஃப் சுமார் 13 லட்சம் ரூபாய். 300 சிசி டூ-ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்பவர் தனியாகத் தருவிக்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் 1600 சிசிக்கு உட்பட்ட முழு இறக்குமதி பைக்குகளின் சுங்க வரி 50 சதவீதத்திலிருந்து 40 ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனது. சலுகைதான்; அதற்காக மலிவு என்று சொல்லிவிட முடியாது.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39வது பிரிவுப்படி, பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. மலையடிவாரத்துக் கிராமத்து மண் பாதையும் பொது இடம்தான். பதிவில்லை என்றால் சாலைக்கான இன்ஷூரன்ஸும் இல்லை. பாதையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்துவிட்டால், நஷ்டஈடு முழுவதும் ஓட்டியவர் சொத்திலிருந்துதான் போகும். காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதி வேறு. எனவே இந்த வண்டி வேனில் ஏறி, தனியார் நிலத்தில் இறங்கி, மறுபடி வேனிலேயே வீடு திரும்ப வேண்டும். அப்படி ஒரு நிலமும் வேனும் கைவசம் இல்லாதவருக்கு, கொல்கத்தாவிலிருந்து மலை வரை தானே ஓடிப்போகும் எக்ஸ்பல்ஸ்தான் சரியான பைக். 159 கிலோவைத் தூக்க ஒரு நண்பரை அழைத்துப் போனால் தீர்ந்தது.

நிலமும் வேனும் இருப்பவர் அடுத்துப் பார்க்க வேண்டியது கார்புரேட்டரா, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனா என்பதை. யமஹா ஒய்இசட் 250எக்ஸ் கார்புரேட்டர் வண்டி. எளிமையானது, ரோட்டோர மெக்கானிக்குக்கும் புரிவது. ஆனால் கொல்கத்தாவின் கனத்த காற்றுக்கு ஜெட் வைத்த கார்புரேட்டர் 2,000 மீட்டர் உயரத்தில் பெட்ரோலை அதிகமாகக் குடித்துத் திணறும். மேலே போய் ஜெட்டை மாற்றியாக வேண்டும். கேடிஎம்மின் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அந்த வேலையைத் தாமே செய்துகொள்ளும். சமவெளியில் குடியிருந்து மலையில் ஓட்டுபவருக்கு இன்ஜெக்‌ஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை. போட்டிக்குப் போகாதவர், குறிப்பாகக் குள்ளமானவர், இத்தாலியின் பீட்டா எக்ஸ்-டிரெய்னரைப் பார்க்கலாம்: அதே 300 சிசி, சற்றுத் தாழ்ந்த சீட், சாதுவான என்ஜின். எதுவானாலும் மெதுவாக ஏறும்போது கொதிக்காமலிருக்க ரேடியேட்டர் ஃபேன் அவசியம். வண்டியோடு ஒரு பிஸ்டன், ரிங் செட், கேஸ்கெட்டுகளும் சேர்த்தே தருவிப்பது புத்திசாலித்தனம். மல்லிக் பஜாரில் ஆர்எக்ஸ் பிஸ்டன் கிடைக்கலாம், இதற்குக் கிடைக்காது.

கொல்கத்தாவின் மழைக்காலம் இன்னொரு எதிரி. பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கார்புரேட்டர் வண்டிக்காக அதில் கலந்துவைத்த ஆயில் நாளாவட்டத்தில் சரியாகக் கலந்திருக்காமல் போகலாம். ஆயில் சேராத பெட்ரோல் போனால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஜூனில் மூடி வைக்கும் வண்டியின் டாங்கைக் காலி செய்துவிட்டு, அக்டோபரில் புது பெட்ரோலில் புதிதாக ஆயில் கலக்க வேண்டும்.