உரிக்காமலே வந்த கண்ணீர்

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண் கரிக்கிறதல்லவா? உரிக்காமலே கண் கலங்கும் வீடுகளும் உண்டு, சகோதரிகளே!

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கம் போனால் சின்ன வெங்காய ராஜ்யந்தான். அறுவடையானதும் பட்டறை போட்டு, வெங்காயத்தைக் காற்றாட வைத்து, நல்ல விலைக்குக் காத்திருக்கிறார்கள். அடுத்த நடவுக்கு விதையும் அதிலிருந்துதான். விற்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம். விற்காவிட்டால் அம்மாவின் தோடு அடகுக் கடைக்கு!

2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2020 செப்டம்பரில் மறுபடியும். 2023 டிசம்பரில் இன்னொரு தடவை. பெரிய வெங்காயத்தின் விலையை அடக்கப் பிறந்த உத்தரவு, இலங்கைக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறும் நம் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக் கட்டிப் போட்டது. 'அது வேறு, இது வேறு. இதற்குத் தனிக் குறியீடு கொடுங்கள்' என்று விவசாயிகள் முறையிட்டார்கள். பிரித்துப் பார்க்கச் சர்க்காருக்குத் தெரியாதா, என்ன? 2020 அக்டோபரில் பெங்களூர் ரோஸ், கிருஷ்ணாபுரம் வெங்காயங்களுக்கு மட்டும் தலா 10,000 டன் அனுப்ப அனுமதி கிடைத்ததே!

விலை ஏறினால் நாம் முணுமுணுக்கிறோம். அது டில்லிவரை கேட்கிறது. விலை விழுந்தால் பட்டறையோரத்தில் ஒருத்தி பெருமூச்சு விடுகிறாள். அது பக்கத்து ஊருக்குக்கூடக் கேட்பதில்லை. அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! அடுத்த முறை வெங்காயம் மலிவாகக் கிடைத்தால், கூடையில் அள்ளிப் போடுமுன் அவளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.